கீழ்மலையில் ஏறி, மேல்மலை சுற்றி, பழனியில் இறங்க: பனிக்காலத்தில் ஒரு வண்டிப் பயணம்

பழனி மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவார்கள், ஏரியைச் சுற்றுவார்கள், வந்த வழியே இறங்குவார்கள். இரும்புக்காலக் கல்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய ஈமச் சின்னங்கள்), 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வகம், குழந்தை வேலப்பர் கோயில், அடிவாரத்தில் 870-ஆம் ஆண்டுச் சமணக் கல்வெட்டு என்று இத்தனையும் இதே மலையைச் சுற்றித்தான் இருக்கின்றன. சொந்த வண்டியும் நாலு ராத்திரியும் இருந்தால் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதால் ஒரே சாலையில் இரண்டு தடவை ஓட்ட வேண்டியதும் இல்லை.

வழி இதுதான்: செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி. அங்கிருந்து பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, கொடைக்கானல். பிறகு மேல்மலையில் பூம்பாறை போய்த் திரும்பி, பெருமாள்மலையில் பிரிந்து சவரிக்காடு வழியாகப் பழனி. எதிர்த்திசையில் போக வேண்டாம். தாண்டிக்குடி கொடைக்கானலைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு. முதல் ராத்திரி அங்கே படுத்தால் குளிரும், ஆனால் தாங்கும். நம் படுக்கையில் என்ன குறை என்பதும் அன்றே தெரிந்துவிடும். முதல் நாளே கொடைக்கானலில் போய்ப் படுத்தால் அந்தக் குறை உறைபனியில்தான் தெரியும்.

எப்போது போவது

டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை முழுதாக விடாது. மலைச்சாலையில் மண் சரியும், மரம் விழும், எஸ்டேட் பாதையில் அட்டை ஏறும். டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரையும் பொங்கல் விடுமுறையிலும் மலைமேல் வண்டி நகராது. தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாள் ஒட்டன்சத்திரம்–பழனி சாலையில் ராப்பகலாகப் பாதயாத்திரைக் கூட்டம் போகும். இருட்டில் அந்தச் சாலையில் கார் ஓட்டுவது அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. பிப்ரவரி பாதிக்கு மேல் புல்வெளி காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கும், வனத்துறை பாதைகளை அடைக்க ஆரம்பிக்கும். இவற்றையெல்லாம் கழித்தால் ஜனவரி முதல் வாரத்துக்குப் பின்னும், பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் விலகியும் வரும் வேலைநாட்கள்தான் மிச்சம். அந்த நாட்களில் வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். உறைபனி விழுவதும் அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தாண்டிக்குடி இருக்கும் கீழ்மலையில் அது காபிப் பழம் பறிக்கிற சமயம். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட்டுகளில் அப்போது ஆள் இருக்கும். கல்திட்டை எந்தப் பாறையில் இருக்கிறது என்பது கூகுள் மேப்பைவிடப் பழம் பறிக்கும் பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அனுமதி, இ-பாஸ், டென்ட்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வண்டியில் போக, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. அரசு இணையதளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி கொடுத்தால் கிடைக்கும். செக்போஸ்டில் நின்றுகொண்டு செல்போன் சிக்னல் தேடாமல் கிளம்பும் முன்பே எடுத்துப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக வேண்டாம். 20 லிட்டர் கேன் ஒன்றும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் போதும்.

டென்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலையின் பெரும்பகுதி 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் டென்ட் அடிப்பது குற்றம். தனியார் நிலத்திலும் அனுமதி பெறாமல் டென்ட் போட்டு வாடகைக்கு விடும் இடங்களை அதிகாரிகள் மூடுகிறார்கள். வலைத்தளத்தில் படம் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு 'சார், செக்கிங் வந்திருக்கு, வராதீங்க' என்று போன் வந்தால் அந்தக் குளிரில் வேறு இடம் கிடைக்காது. பதிவு பெற்ற ஹோம்ஸ்டேயில் ஒரே ஒரு அறை எடுத்து, அந்த வளாகத்துக்குள்ளேயே வண்டியில் படுப்பதுதான் எங்கள் சிபாரிசு. அறை கழிப்பறைக்கும் குளியலுக்கும், சளி பிடித்தவர் படுக்கவும் ஆகும். முற்றத்தில் டென்ட் போடலாம் என்று உரிமையாளர் சொன்னால், அவருடைய பதிவுச் சான்றில் அது அடங்குமா என்று கேளுங்கள். தயங்கினால் வண்டியிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை நாலுதான்: பிரேக் பேட், கூலன்ட், வைப்பர் ரப்பர், பேட்டரி. பழைய பேட்டரி சமவெளியில் ஒப்பேற்றும், மலையில் விடிகாலைக் குளிரில் செல்ஃப் எடுக்காது. டேங்க்கைச் செம்பட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

டயர் காற்று பற்றி ஒரு குழப்பம் உண்டு. 35 டிகிரி வெயிலில் 33 psi அடித்துக்கொண்டு மேலே போய், 5 டிகிரிக் காலையில் அளந்தால் நாலைந்து குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 3 குறைவு என்பதால் கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்டும். சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் இதனால்தான். கூட்டிக் கழித்தால் ஒன்றிரண்டுதான் குறைந்து தெரியும். மேலே காற்று அடிக்க வேண்டாம். அடித்தால் பழனியில் இறங்கும்போது அதிகமாகிவிடும்.

'ஏறுன கியர்லயே இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பாடம். ஏற்றத்தில் இரண்டாவது கியர் கேட்ட இடத்தில் இறக்கத்திலும் இரண்டாவதுதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிக் கருகல் நாற்றம் வரும், பெடல் பஞ்சு போலாகும். அப்போது அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது முறை.

மூட்டம் இறங்கினால் லோ பீம் போதும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் வேர்த்தால் ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போடுங்கள், ஒரு நிமிடத்தில் தெளியும். காலையில் கண்ணாடி மேல் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டிவிடலாம்.

படுக்கை

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து மூன்று கம்பளி போர்த்துகிறோம். உடம்புச் சூட்டைப் பிடுங்குவதோ கீழே இருக்கும் தரை. முதுகுக்கு அடியில் கம்பளி நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடுவதால் அது குளிரைத் தடுக்காது. ஆகவே முதல் செலவைப் பாய்க்குச் செய்யுங்கள்: 10 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ள, நசுங்காத ஃபோம் பாய், ஆளுக்கு ஒன்று. இரண்டு கிடைத்தால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். லேபிளில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண் 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்பவற்றைப் பார்த்து வாங்கினால் ராத்திரி பூராவும் விழித்திருக்க வேண்டியதுதான்.

வெளியே டென்ட்டானாலும் வண்டியானாலும் நிறுத்தும் இடம் முக்கியம். தெளிந்த, காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலில் ஜிம்கானா, கீழ்பூமி போன்ற தாழ்விடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில், கொஞ்சம் மேலே இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளிதான் இருக்கும். உச்சிமேட்டில் காற்று அடிக்கும். இடைச்சரிவில், கிழக்கே திறந்த இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். சில்வர் ஓக், யூக்கலிப்டஸ் மரத்தடி வேண்டாம், கிளை ஒடிந்து விழும்.

வண்டிக்குள் படுத்தால் எதிரெதிர் பக்கக் கண்ணாடிகளைத் தலா இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். குளிருமே என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து, விடியும்போது சொட்டாக முகத்தில் விழும், ஸ்லீப்பிங் பேக் நனையும். நனைந்த பேக் அடுத்த ராத்திரிக்கு உதவாது. படுக்கும் முன் எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு காலுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் விடிகாலை வரை இதமாக இருக்கும்.

கரி அடுப்பு, கணப்புச் சட்டி, கேஸ் அடுப்பு எதையும் டென்ட்டுக்கோ காருக்கோ மூடிய அறைக்கோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். அணைந்ததாகத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் வரும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் இதே கதைதான். யாருக்காவது தலை வலித்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.

சமையலில் இரண்டு சிக்கல்கள் வரும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 3 லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள். சிறிய கேஸ் கேனிஸ்டரில் இருப்பது வெறும் பியூட்டேன் என்றால், 0 டிகிரியை ஒட்டிய காலையில் அது ஆவியாகாது, அடுப்பு மினுக்கிவிட்டு அணையும். கேனிஸ்டரை ராத்திரி படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நெருப்பில் காட்டி மட்டும் சூடாக்காதீர்கள். சாப்பாட்டுப் பாத்திரம், பழத்தோல் எதுவும் டென்ட்டில் வேண்டாம். குரங்கு ஜிப்பைத் திறக்காது, துணியைக் கிழித்துவிடும்.

தாண்டிக்குடி: கல்திட்டை பார்ப்பது எப்படி

முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குடி என்று ஊரில் சொல்வார்கள். பாலமுருகன் கோயிலுக்குப் போய்விட்டு அங்கேயே கல்திட்டைக்கு வழி கேளுங்கள். 'கல்திட்டை' என்றால் சிலருக்குப் புரியாது. 'குள்ளர் வீடு', 'பாண்டவர் வீடு' மாதிரிப் பெயர் சொன்னால் கை நீட்டுவார்கள். பல திட்டைகள் பட்டா நிலத்தில், காபித் தோட்டத்துக்குள் இருக்கின்றன. காபி, மிளகு திருட்டுப் பயம் இருக்கிற காலம் என்பதால் வேலி தாண்டக் கூடாது. கங்காணியிடமோ உரிமையாளரிடமோ கேட்டு, முடிந்தால் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

போகும் நேரம் காலை ஏழரை முதல் ஒன்பது, அல்லது மாலை நாலு முதல் ஐந்தரை. சாய்ந்த வெயிலில்தான் கல்லின் செதுக்கல் தடம் எழுந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் உதிக்கும், ஆறேகால் வாக்கில் மறையும். ஆகவே மாலையில் போனால் ஐந்தரைக்குத் திரும்பி நடக்க வேண்டும். இருட்டினால் அந்தத் தோட்டத்துக்குள் காட்டெருமை வரும்.

முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திட்டை மண்ணில் இல்லை, வெறும் பாறைமேல் நிற்கிறது. பழனி மலைத் திட்டைகளின் அடையாளமே அதுதான். பாறையில் குழி தோண்டிப் பலகைக் கல்லை நட முடியாது என்பதால், நிற்கும் கல்லுக்குப் பக்கவாட்டில் சிறு கற்களை அணைகொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு கல்வரிசை தெரியும். அந்த அணைகற்கள்தான் கட்டடத்தின் உயிர். நின்று படம் எடுக்கவோ அடுப்புக் கூட்டவோ யாராவது அவற்றில் நாலைந்தை உருவினால் பக்கக்கல் சாயும், மூடுகல் இறங்கும். சரிந்து கிடக்கும் திட்டைகளைக் கவனித்தால், பல இடங்களில் அணைகல் போன பக்கமாகத்தான் சரிந்திருக்கும்.

பிறகு குனிந்து டார்ச் அடியுங்கள். மூடுகல்லின் அடிப்பக்கத்தில் குளவிக்கூடும் தேனடையும் இருக்கலாம், மூலையில் பாம்பு சுருண்டிருக்கலாம். பனிக்காலையில் அது சட்டென்று நகராது, நகராததாலேயே கை பட்டுவிடும். உள்ளே கை விடாதீர்கள். ராத்திரிப் பனி மூடுகல்லின் விளிம்பில் சொட்டாகத் தொங்கும், உள்ளே காய்ந்திருக்கும். ஒரு பறிப்பாளரின் தூக்குவாளியோ கோணிப்பையோ அங்கே பத்திரமாக வைத்திருப்பதையும் பார்க்கலாம். வெயிலுக்கும் மழைக்கும் அது இன்றைக்கும் ஒதுங்குமிடம்தான்.

இப்போது அளவு நாடாவை எடுங்கள். மூடுகல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் என்றால் 0.6 கன மீட்டர். இந்தப் பாறை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன். ஆக அந்த ஒற்றைக் கல் 1.6 டன், ஒரு பெரிய கார் எடை. அதை எந்திரம் எதுவும் இல்லாமல் தூக்கி வைத்தவர்களைப் பற்றி அறிவிப்புப் பலகையைவிட இந்தக் கணக்கு அதிகம் சொல்லும். அடுத்து நிற்கும் கற்களில் வட்டமாகவோ அரைவட்டமாகவோ துளை இருக்கிறதா என்று பாருங்கள். அது 'இடுதுளை'. இருந்தால் எந்தத் திசை பார்க்கிறது என்று போனிலுள்ள திசைகாட்டியில் பார்த்துக் குறியுங்கள். ஒரே பாறையில் உள்ள எல்லாத் திட்டைக்கும் இதைச் செய்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறதா இல்லையா என்று நீங்களே முடிவுக்கு வரலாம்.

இவற்றை முதலில் முறையாக அளந்து பதிவு செய்தவர்கள் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேடும் நியூட்டனும். அவர்களுடைய அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அதில் உள்ள சில திட்டைகள் இன்று இல்லை. மூடுகல்லின்மேல் ஏறுவது, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவது, அடியில் தீ மூட்டுவது மூன்றும் கூடாது. சூடான பாறை செதில் செதிலாக உரியும், அந்தச் செதிலோடு செதுக்கல் தடமும் போய்விடும். பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாத ஓட்டால் ஆய்வாளருக்குப் பயனில்லை.

கொடைக்கானல்: ஒரே காலை, நடந்தே

தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு, ஊத்து வழியாக இரண்டு மணி நேரம். வழியில் செண்பகனூரில் சேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களுடைய கல்லூரி 1895-இல் அங்கே தொடங்கியது. கல்திட்டை பார்த்துவிட்டு வருகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம். திறந்திருக்கும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஊருக்குள் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதுதான் புத்தி. விடிந்ததும் கோக்கர்ஸ் வாக்கில் தொடங்குங்கள். லெப்டினென்ட் கோக்கர் 1872-இல் அமைத்த நடைபாதை அது. பனிக்காலத்தில் ஒன்பது, பத்து மணிக்கு மேல் அடிவாரம் சூடாகி மூட்டம் சரிவேறி வந்துவிடும். அதற்குள் பெரியகுளம் பக்கச் சமவெளி முழுக்கத் தெரியும். கீழே வெள்ளகவி ஊரின் திசையைக் கவனியுங்கள். 1821-இல் நில அளவைக்காக வார்டு என்ற லெப்டினென்ட் அந்த ஊரிலிருந்துதான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகளின் முதல் வீடுகள் 1845-இல் வந்தன. சாலை வருவதற்கு முன் கூலியாட்கள் டோலியில் வெள்ளைக்காரர்களைச் சுமந்து ஏறியதும் அந்தப் பக்கச் சரிவில்தான்.

அங்கிருந்து 1866-இல் கட்டிய சலேத் மாதா கோயில், பிறகு 1908-இல் தொடங்கிய பிரையண்ட் பூங்கா, கடைசியில் ஏரி. ஓடையை மறித்து 1863-இல் ஏரியை உண்டாக்கியவர் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச். கரையோரம் பஜ்ஜிக் கடைகளுக்கு நடுவே இந்த வரலாற்றை யோசிக்க முடியாது என்பது எங்கள் எண்ணம், ஆனாலும் அணைக்கட்டுப் பக்கம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சூரிய ஆய்வகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊரைவிடக் குளிர் அதிகம், தொப்பியும் கையுறையும் வேண்டும். 1899-இல் நிறுவி 1901 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக வழிந்தோடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டது இங்கேதான். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. அதுவும் இதே பனிக்காலத் தெளிந்த வானம்தான். பொதுமக்களை விடும் நேரம் குறைவு, முன்னதாகவே விசாரியுங்கள்.

பூம்பாறை

கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டர் போல, ஒரு மணி நேரம். படிக்கட்டு வயல்களும் பூண்டும் சேர்ந்த ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. குழந்தை வேலப்பர் சிலையைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது நம்பிக்கை. பழனி மூலவருக்கும் அதே கதைதான், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறோம். மார்கழியில் நடை விடியலுக்கு முன்பே திறக்கும், மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். ஊர்த் தெருவில் பெரிய வண்டி திரும்பாது, சாலையிலேயே நிறுத்திவிட்டு நடக்கவும். பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், வரலாறு பார்க்க வந்தவர்கள் அதை விட்டுவிடலாம்.

பழனிப் பக்கம் இறங்குதல்

கொடைக்கானலிலிருந்து பழனி 65 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். யானை நடமாடும் சாலை. காலை எட்டுக்கு மேல் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். யானையைக் கண்டால் நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை மினுக்க வேண்டாம், தேவைப்பட்டால் மெல்லப் பின்னால் எடுங்கள். ஆகவே பின்னால் வரும் வண்டிக்கும் இடம் விட்டு நிறுத்துவது முக்கியம்.

கடைசி ராத்திரி அடிவாரத்தில். இங்கே ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாது. பழனி மலைக்கோயிலுக்குச் சாயங்காலம் படியேறிப் போங்கள். ரோப்கார் பலத்த காற்றில் நிற்கும், அதை நம்பி நேரம் வைக்காதீர்கள்.

மறுநாள் காலை மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், பாப்பம்பட்டிப் பக்கம் ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கியதாக ஊர்க்கதை, பழைய பெயர் அயிரை மலை. இயற்கையான பெரிய பாறைத் தாழ்வாரம், அதன் நெற்றியில் 16 சமணத் திருமேனிகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயும் பாருங்கள். பாம்புப் படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். அடியில் அச்சணந்தி முதலான பெயர்கள் வெட்டியிருக்கும். இங்குள்ள கல்வெட்டொன்று சக ஆண்டு 792-ஐயும் வரகுண பாண்டியனின் 8-ஆம் ஆட்சியாண்டையும் சேர்த்துச் சொல்கிறது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870. அதிலிருந்து எட்டைக் கழித்தால் இரண்டாம் வரகுணன் பட்டத்துக்கு வந்த ஆண்டு 862. முற்காலப் பாண்டியர் காலக்கணக்குக்கு இந்த ஒற்றைக் கல்வெட்டு பெரிய பிடிமானம். சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி பார்சுவ படாரர் (பார்சுவநாதர்) திருமேனியையும் இயக்கி என்ற காவல் தெய்வத்தின் திருமேனியையும் புதுப்பித்து, 505 காணம் பொன் கொடுத்த செய்தி அது. எழுத்தைப் படிக்க மஞ்சள், சுண்ணாம்பு, விபூதி எதையும் தடவாதீர்கள். டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு தானாக எழும். ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் நேராக நின்று படம் எடுக்க வேண்டும். விளக்கை இடம், வலம், மேல் என்று மாற்றி மூன்று படம் எடுத்தால், ஒன்றில் தெரியாத கால் இன்னொன்றில் தெரியும்.

நேரம் இருந்தால் பொருந்தல். பாலாறு–பொருந்தலாறு அணைப் பக்கம் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-இல் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடிக்குள் 2 கிலோ நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கரிமக் கணிப்பு சொன்னது. தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் 'வய்ர' என்று பொறித்த பானைத் தாங்கியும் அங்கேயே கிடைத்ததால் அந்த எழுத்தின் வயது பற்றிய விவாதம் சூடு பிடித்தது. அகழ்ந்த குழியை மூடிவிடுவது வழக்கம் என்பதால் காட்சிக்கென்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். தாண்டிக்குடித் திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு, அதே காலத்து மக்கள் மலையடியில் எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது மண்ணையும் ஆற்றையும் பார்த்தாலே புரியும்.

ஒட்டன்சத்திரம் வழியாகத் திரும்புகிறவர்கள் விருப்பாச்சியில் இறங்கி, 1801-இல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால் நாயக்கரின் மணிமண்டபத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கிடைத்த ஊர் அது.

பழனியிலேயே, கிளம்பும் முன், டென்ட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வெயிலில் இரண்டு மணி நேரம் விரித்துப் போடுங்கள். மேலே மடித்த டென்ட்டில் பனியின் ஈரம் அப்படியே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கியில் விட்டால் சில நாளிலேயே கரும்புள்ளிப் பூஞ்சை பிடிக்கும், அது துவைத்தாலும் போகாது. பேக்கைப் பையில் திணித்து வைக்காமல் பீரோவில் தளர்வாகத் தொங்கவிட்டால்தான் அடுத்த மார்கழிக்கும் அது சூடு தாங்கும்.